அறிவிப்பு வண்டி கவிழ்த்த ஆட்சி

ஜிஎஸ்டி வரி வருகிறது, அது உங்களுக்கு நல்லது என்று மலேசியாவின் தென்கெடா முழுக்க ஒலிபெருக்கியில் சொன்னவள் நான்தான். அந்த வரி போய்விட்டது, அது உங்களுக்கு இன்னும் நல்லது என்று சில வருடங்கள் கழித்து அதே தெருக்களில் சொன்னவளும் நான்தான். அதே வண்டி, அதே ஓட்டுநர் பாக் டின், அதே குரல். நடுவில் அரசாங்கம்தான் மாறியிருந்தது.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். போன மாதம் என் பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அறிவிப்பு வண்டியை நிறுத்தப்போகிறார்களாம். இனி எல்லாம் கைப்பேசியில்தானாம். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. அந்த வண்டியில் குளிர்சாதனம் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. பேசி முடித்ததும் ஒரு பெண் கேட்டாள்: “அக்கா, நீங்க சொன்ன அறிவிப்பால உண்மையிலேயே ஏதாச்சும் மாறியிருக்கா?”

“ஒரு ஆட்சி கவுந்திருக்கும்மா” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அன்றைக்கு நேரம் இல்லாமல் போனதால் இங்கே எழுதுகிறேன்.

நான் சிடாம் கிரி பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை முடித்துவிட்டு அரசாங்கத்தின் அறிவிப்புப் பிரிவில் வேலைக்கு மனுப் போட்டேன். நேர்முகத் தேர்வில் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். நான் வாசிக்க ஆரம்பித்ததும் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார். வேலை கிடைத்துவிட்டது. பயிற்சிக்குக் கோலாலம்பூர் அனுப்பினார்கள். எங்கே மூச்சு விடுவது, எங்கே விடக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் வண்டியில் கற்றது. வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் போக வேண்டும். அறிவிப்பைத் தெருமுனையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் வாசிக்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் பாதி வார்த்தைதான் வீட்டுக்குள் போகும். மீதியை அவர்களே இட்டு நிரப்பிக்கொள்வார்கள், சாயங்காலத்துக்குள் அது வதந்தியாகிவிடும். முதலில் பாக் டின் மலாயில் வாசிப்பார். பிறகு நான் தமிழில், இரண்டு தடவை, ஒரே வேகத்தில். தொழுகை நேரத்தில் சின்னப் பள்ளிவாசலான சூராவைத் தாண்டும்போதும், பூஜை நேரத்தில் கோயிலைத் தாண்டும்போதும், பந்தல் போட்ட வீட்டைத் தாண்டும்போதும் வாயைத் திறக்கக் கூடாது. பந்தல் கல்யாணத்துக்கா சாவுக்கா என்று வண்டியிலிருந்து தெரியாது. இந்த விதி எதற்கும் கட்டுப்படாதவை நாய்கள்தான். என் குரல் கேட்டதும் தெருவே ஊளையிடும்.

“அக்கா, ஒங்க ரசிகருங்க வந்துட்டாங்கலா” என்பார் பாக் டின். அவர் மலாய்க்காரர். தோட்டத்தை ஒட்டிய கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், வளர்ந்தவர். தமிழில் திட்டுவதற்கு என்னைவிட அதிகம் வார்த்தை வைத்திருந்தார்.

எங்கள் மேலதிகாரி நேசரத்தினம் சார். யாழ்ப்பாணத் தமிழர், கிறிஸ்தவர். அவருடைய தாத்தா ரயில்வேயில் கிராணி வேலைக்கு வந்தவராம். அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாக மேசையில் உட்கார்ந்து எழுதிய குடும்பம். எங்கள் வீட்டில் மேசை வாங்கியதே நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். சார் எங்கே உட்கார்ந்தாலும் கைக்குட்டையை நான்காக மடித்து நாற்காலியில் விரித்துவிட்டுத்தான் உட்காருவார். வெறும் சுடுதண்ணீர் குடிப்பார். யாராவது வந்து கத்தினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். ஒரு கண்ணாடியைத் துடைக்க அவ்வளவு நேரம் ஆகும் என்று நான் அவரிடம்தான் பார்த்தேன். துடைத்து மாட்டுவதற்குள் கத்தியவர் களைத்துப்போய்த் தண்ணீர் கேட்பார்.

தமிழ் அறிவிப்புகளை அவரே எழுதுவார். ஜிஎஸ்டி வந்தபோது “பொருள் மற்றும் சேவை வரி” என்று எழுதிக்கொடுத்தார். திகாம் பத்து கடைத்தெருவில் அதை இரண்டு தடவை வாசித்தேன். வடை சுடுகிற நாகம்மா கரண்டியோடு வண்டியிடம் வந்தார்.

“அது என்னா வரி? தமிழ்ல சொல்லு.”

“ஜிஎஸ்டிக்கா.”

“அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான! சரி, வெல கொறையிற சாமானும் இருக்குன்னு சொன்னியே, அது எந்தக் கடையில இருக்கு? நான் போயி அதையே வாங்கிக்கிறேன்.”

வரி போனபோது அதே இடத்தில் வண்டியை நிறுத்தினோம். நாகம்மா கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. “போன தடவ நல்லதுன்ன. இப்ப அது போனது நல்லதுங்கற. ஒனக்குன்னு ஒரு புத்தி கெடையாதா?”

அலுவலகத்துக்கு வந்து சாரிடம் புலம்பினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“லெட்சுமி, நல்லது எண்டு நீங்கள் எப்ப சொன்னனீங்கள்? அரசாங்கம் சொன்னது, நீங்கள் வாசிச்சனீங்கள். அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரிஞ்சால் காணும். வடைக்காரிக்குத் தெரிய வேணுமெண்டில்லை.”

அந்த வித்தியாசம் என்னை வெகுநாள் காப்பாற்றியது. கைவிட்டது ஒரே ஒரு இடத்தில்.

திகாம் பத்துவிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தாமான் இருக்கிறது. தோட்டத்தை விற்ற பிறகு அங்கிருந்த சனங்களைக் குடிவைத்த மலிவு விலை வீடுகள். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் இரண்டு தரப்பும் என் வீட்டுக்கு வந்துவிடும். தோட்டத்து மாரியம்மனும் சனங்களோடு அங்கேதான் குடிவந்திருந்தாள். கோயில் கமிட்டிக்குத் தலைவர் முனுசாமி. அவருடைய அப்பா தோட்டத்தில் மண்டோர், அதாவது வேலையாட்களை நிறுத்தி வேலை வாங்குகிறவர். கோயிலில் முதல் மாலை மண்டோர் வீட்டுக்கு. அப்பாவுக்குப் பிறகு மகன். இதை யாரும் ஓட்டுப் போட்டு முடிவு செய்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகள் தளர்ந்த சமயம். தேர்தல் இல்லாமலே அரசாங்கம் மாறியிருந்தது. போகிற இடமெல்லாம் “நாங்க ஓட்டே போடல, எப்படி மாறிச்சு?” என்று மக்கள் கேட்டார்கள். அதனால் விளக்கம் எழுதிக்கொடுத்தார் சார். அந்தத் தாமானின் கோயில் முனையில் எஞ்சினை அணைத்துவிட்டு வாசித்தேன். “பெரும்பான்மை உறுப்பினர்களின் ஆதரவு யாருக்கு இருக்கிறதோ அவரே ஆட்சி நடத்துவார். உறுப்பினர்கள் தங்கள் ஆதரவை மாற்றிக்கொண்டால், தேர்தல் இல்லாமலும் ஆட்சி மாறலாம்.”

இரவு ஷிப்டு முடித்துக் கூலிம் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண், வேலை மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

“அக்கா, அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ சொல்லுங்க.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் வேலைக்காலத்தில் யாரும் என்னைத் திரும்ப வாசிக்கச் சொன்னதே இல்லை, நிறுத்தத்தான் சொல்வார்கள். மெதுவாக, எழுத்தெழுத்தாக வாசித்தேன்.

“அப்ப தேர்தல் வரைக்கும் காத்திருக்க வேணாமா?”

“வேணாம்மா.”

“ஆளுங்க ஆதரவக் காட்டினா போதும்?”

“போதும்.”

“ரொம்ப நன்றிக்கா” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். எவ்வளவு அக்கறை பார் என்று பாக் டின்னிடம் சொன்னேன். அவர், “அக்கா, அந்த நடை நல்ல நடை இல்லலா” என்றார்.

அடுத்த வாரம் முனுசாமி அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் மடித்த துண்டு. மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்த மகன் சேகர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டான்.

“யாரு அந்த மைக்குப் பொம்பள?”

நான் கையைத் தூக்கினேன்.

“என் ஆட்சியக் கவுத்துட்டியேம்மா!”

சார் நாற்காலி போட்டு உட்காரவைத்து நிதானமாக விசாரித்தார். கமிட்டியில் ஒன்பது பேர். அதில் ஒருத்தியான கமலா அறிவிப்பைக் கேட்ட அன்றைக்கே வீடு வீடாகப் போய் மூன்று பேரைத் தன் பக்கம் சேர்த்துவிட்டாள். அவளோடு நான்கு. முனுசாமியோடு நான்கு. ஒன்பதாவது ஆள் அவள் பக்கம் கையைத் தூக்கிவிட்டான். “அரசாங்கமே மைக்கில சொல்லிச்சு” என்று சொல்லி அவளே தலைவர் ஆகிவிட்டாள்.

“ஆர் இந்தக் கமலா?” என்று சார் கேட்டார்.

“என் மருமக.”

“அந்த ஒன்பதாவது ஆள்?”

“என் மகன்.”

சார் கண்ணாடியைக் கழற்றினார். வாசலில் சேகர் டெங்கிக் கொசு ஒழிப்பு அறிவிப்பைப் பரீட்சைக்குப் படிப்பவன் போலப் படித்துக்கொண்டிருந்தான்.

“ஐயா, நாங்கள் நாட்டைப் பற்றித்தானே சொன்னனாங்கள். உங்கட கோயிலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லையே.”

“நாடு எங்க சார் இருக்கு? எங்க தாமான்லதான இருக்கு!”

சார் துடைக்காமலே கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. கோயில் சாவி முனுசாமியிடம். பெரும்பான்மை கமலாவிடம். நோயால் நின்றுபோயிருந்த திருவிழா அந்த வருடம்தான் மறுபடி நடக்க வேண்டும். இரண்டு பேரும் இரண்டு நேரத்தைக் குறித்துத் தனித்தனியாகத் தேர் ஊர்வலம் அறிவித்திருந்தார்கள். இருந்ததோ ஒரே தேர். இதையெல்லாம்விட மோசம், இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். எதிர்க்கட்சி சமைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்று முனுசாமி, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் இரண்டு வேளையும் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி.

அதை எனக்குச் சொன்னவன் சேகர். “அக்கா, எப்படியாச்சும் பேசி முடிச்சிடுங்க. இப்படியே தின்னா அப்பா தேருக்கு முன்ன ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாரு. சாவிய இடுப்புல கட்டிக்கிட்டுப் படுக்கறாரு. அவ வாயத் தொறக்க மாட்டேங்கறா. வீட்ல இருக்க முடியலலா, நானா கேட்டு ஓவர்டைம் செய்றேன்.”

“நீ ஏன்ப்பா அவ பக்கம் கை தூக்கின?”

“அப்பா கோவிச்சா ஒரு மாசம்க்கா. கமலா கோவிச்சா ஆயுசுக்கும்.”

கோயில் விவகாரத்தில் எங்கள் பிரிவு தலையிடக் கூடாது. ஆனால் புகார் எங்கள் அறிவிப்பின்மேல். ஆகவே விளக்கம் சொல்லப் போகலாம் என்று சார் ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை, கெடாவில் வார விடுமுறை நாள், தாமானின் பொது மண்டபத்தில் கூட்டம். முனுசாமி ஆட்கள் இடதுபக்கம், கமலா ஆட்கள் வலதுபக்கம். சேகர் ஒரு நாற்காலியைத் தூக்கி நடுவழியில் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

சார் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். “நான் தீர்ப்புச் சொல்ல வரேல்லை. எங்கட அறிவிப்பில பிழை இருந்தால் கேட்க வந்தனான். மைக் லெட்சுமியின்ர கையில இருக்கும். அவ ஆருக்கு நீட்டுறாவோ அவை மட்டும் பேசலாம்.”

ஆளாளுக்கு மைக்கைப் பிடுங்கிப் பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க மைக் பிடித்த கை இது. யாராலும் முடியவில்லை.

முனுசாமி முதலில் பேசினார். “எங்கப்பா காலத்துல மண்டோர் வந்தா சைக்கிள விட்டு எறங்குவாங்க. இன்னைக்கு நான் கடைக்குப் போனா, போன பாத்துக்கிட்டே ஒரு பய என் மேல இடிச்சிட்டுப் போறான். சரி, போவட்டும். அம்மனுக்காச்சும் மரியாத வேணாமா? தேரு சாயங்காலம் வெளிச்சத்துல பொறப்படணும். இவங்க ராத்திரின்றாங்க. கேட்டா பஸ்ஸு வரணுமாம். அம்மன் பஸ்ஸுக்குக் காத்திருக்கணுமா?”

இடதுபக்கம் கைதட்டியது. நான் மைக்கைக் கமலாவிடம் நீட்டினேன். அவள் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடர். நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவள்.

“மாமா, இந்தத் தாமான்ல பாதிப் பேரு அந்த பஸ்லதான் இருக்கோம். அம்மனுக்குச் சேல வாங்கற காசு அந்த பஸ்ல வருது. தேர் இழுக்க நேப்பாளப் பசங்களக் கூப்பிட்டு வச்சிருக்கோம், அவங்களும் அதே ஷிப்டு. சாயங்காலம் தேர எடுத்தா யாரு இழுப்பா? நீங்களும் பூசாரியுமா? நான் தலைவரா வரணும்னு பொறந்தவ இல்ல. எத்தன தடவ வீட்ல சொன்னேன், நேரத்த மாத்துங்கன்னு? பொம்பள பேச்சுன்னு டிவி சத்தத்த ஏத்தினீங்க!”

“டிவில நியூஸ் போச்சு!” என்று மைக் இல்லாமலே கத்தினார் முனுசாமி.

“எப்பதான் நியூஸ் போகல!” என்று கத்திக்கொண்டே கமலா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பையைத் திறந்து ஒரு மாத்திரையையும் தண்ணீர் போத்தலையும் எடுத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் நடுவழியைத் தாண்டி நீட்டினாள். அவரும் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கி, விழுங்கி, போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து கத்த ஆரம்பித்தார். மண்டபத்தில் யாரும் அதை விசேஷமாகக் கவனிக்கவில்லை. தினமும் நடப்பது போலிருக்கிறது.

சார் அந்த மாத்திரையைக் கவனித்துவிட்டார். எழுந்து நின்றார். “ஐயா, ஒண்டு கேட்கட்டோ? உங்கட அப்பா காலத்தில தேர் எப்ப புறப்படும்?”

“ரப்பர் பால நிறுத்து முடிச்சு, ஆளுங்க குளிச்சிட்டு வந்த பெறவு.”

“அதுக்கு முதலே ஏன் புறப்படேல்லை?”

“ஆளு இல்லாம எப்படி சார் தேரு…”

அங்கேயே நின்றுவிட்டது அவர் பேச்சு. கமலா நினைத்திருந்தால் அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லி ஜெயித்திருக்கலாம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மைக்கை யாரிடமும் நீட்டவில்லை.

கடைசியில் முனுசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “அது வேற” என்றார். பிறகு சேகரைப் பார்த்து, “பஸ்ஸு எத்தன மணிக்கு வரும்?” என்று கேட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்பா தன்னோடு பேசிய சந்தோஷத்தில் சேகருக்கு நேரமே மறந்துவிட்டது. கமலாதான் சொன்னாள்.

தலைவர் பதவி பாக்கி இருந்தது. ஆட்சியை இழந்தவரைச் சும்மா வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது தலைநகரில் எல்லாருக்கும் தெரியும். ஏதாவது ஒரு ஆலோசகர் நாற்காலி போட்டுவிடுவார்கள். தாமானிலும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அது வந்தது. இடதுபக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, “அண்ணனக் காப்பாளரா போட்டுடுவோம்” என்றார்.

முனுசாமி சந்தேகத்தோடு மருமகளைப் பார்த்தார். “காப்பாளருக்கு என்னா வேல?”

“ஒன்னும் இல்ல மாமா. நின்னு பாத்துக்கணும். சரியா நடக்கலன்னா சத்தம் போடணும்.”

அவர் யோசித்தார். “எங்கப்பாவும் அதான செஞ்சாரு” என்றார். மண்டபமே சிரித்தது. அவரும் கடைசியில் சிரித்துவிட்டார். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்க்க முடியவில்லை, முடிச்சு இறுகிப்போயிருந்தது. பாக் டின் வண்டியிலிருந்து கத்தரிக்கோல் கொண்டுவந்தார்.

திரும்பி வரும்போது எனக்கு ஒன்று மட்டும் விளங்கியது. அந்தத் தாமானில் ஆட்சியைக் கவிழ்த்தது என் அறிவிப்பு இல்லை. தோட்டத்தை விற்ற அன்றைக்கே, பால் நிறுக்கிற மணியடிப்பது நின்ற அன்றைக்கே, மண்டோர் வீட்டு நாற்காலிக்கு ஒரு கால் போய்விட்டது. கூலிம் பஸ் முதல் தடவை அந்த முனையில் நின்றபோது இன்னொரு கால். நான் மைக்கில் சொன்னது, ஏற்கெனவே நடந்து முடிந்ததற்கு ஒரு பெயர். அதற்குப் பிறகு தலைநகரில் எப்போது ஆட்சி மாறினாலும், யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று நான் பார்ப்பதில்லை. சனங்கள் இப்போது யாருடைய பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள் என்றுதான் பார்ப்பேன். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

திருவிழாவுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். சார் வெளியிலேயே, கைக்குட்டை விரித்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அலங்காரம் முடிந்து அம்மன் தேரில் ஏறிவிட்டாள். மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். பஸ் வரவில்லை. கூலிம் சாலையில் ஜெம், வாகன நெரிசல் என்று செய்தி வந்தது. பூசாரி கற்பூரத் தட்டை வைத்துக்கொண்டு காப்பாளரைத் தேடினார். ஆளைக் காணோம். மறுபடி கோபித்துக்கொண்டு மாமாக் கடைக்குப் போய்விட்டாரோ என்று நானும் பாக் டின்னும் தேடிப் போனோம்.

மனிதர் பஸ் நிற்கும் முனையில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ தெரியாது, வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பஸ் திரும்பியதும் சாலை நடுவில் போய்க் கையைக் காட்டி நிறுத்தி, அதன் வயிற்றில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“பெரட்டுக்கு வர்ற நேரமா இது?” தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கேட்ட அதே குரல். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டத்து மண்டோரிடம் கேட்ட குரல். எனக்கே ஒரு கணம் நிமிர்ந்து நிற்கத் தோன்றியது.

பஸ்காரர் மலாய்ப் பையன். பயந்துபோய், “சாரி அங்கிள், ஜாலான் ஜெம்” என்றான்.

பெண்களும் நேப்பாளப் பையன்களும் சிரித்துக்கொண்டே குதித்து இறங்கி ஓடினார்கள். கடைசியில் கமலா இறங்கினாள். மேலங்கி, கனமான காலணி, முகத்தில் பன்னிரண்டு மணி நேர வேலை.

“மாமா, தேர எடுத்துட்டீங்களான்னு பயந்துக்கிட்டே வந்தேன்.”

“ஆளு இல்லாம யாரு எடுப்பா? நிக்காத, போய்க் கால் கழுவு” என்றார் முனுசாமி. “அம்மன் எவ்வளவு நேரம்தான் பஸ்ஸுக்குக் காத்திருப்பா!”